கல்வட்டத்துக்குப் பயந்தவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் பயந்துவிடுவார். அச்சில் பெயர் வந்தால் யாராவது வீடு தேடி வருவார்கள், வருகிறவர்கள் நல்லதுக்கு வரமாட்டார்கள் என்பது அவருடைய தீர்மானமான எண்ணம். கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு அதன் கீழே தன் பெயரைச் சேர்த்த மைத்துனரிடம் ஒரு வாரம் பேசாமல் இருந்தவர்.

நான் பார்த்த பயந்தாங்கொள்ளிகளிலேயே அவர்தான் பெரியவர். இதை அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளவில்லை. "கரெக்ட்தான் மேடம்" என்றார்.

வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகும் சாலையில் பாதி தூரத்தில் உள்ளே திரும்பினால் எங்கள் நகர் வரும். நாங்கள் குடிவந்தபோது அங்கே வீடுகளைவிடக் காலி மனைகள்தான் அதிகம். ஒரு பக்கம் ஏரி. பின்பக்கம் காரைச்செடியும் சப்பாத்திக்கள்ளியும் மண்டிய ஒரு செம்மண் மேடு. அந்த மேட்டை ஒட்டிய கடைசி வீடு அவருடையது, அதற்கு முந்தியது எங்களுடையது. என் கணவர் ஓசூரில் வேலை பார்த்து வாரக்கடைசியில் மட்டும் வருவார். நான் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருந்தேன். பக்கத்து வீட்டு இவருக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். பாம்பு வந்தால் அந்த அம்மாள்தான் கம்பு எடுத்துக்கொண்டு வருவார். இவர் கட்டில்மேல் நின்று திசை சொல்வார்.

காலையில் ஸ்டேஷனுக்கு ஒரே ஷேர் ஆட்டோவில் போவோம். ஓரத்தில் உட்கார மாட்டார், நடுவில்தான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போப்பா, எதுக்கு வம்பு" என்பார். எல்லாவற்றுக்கும் அவருக்கு இந்த ஒரு வார்த்தைதான். லிஃப்டில் ஏறமாட்டார், எதுக்கு வம்பு. கேஸ் அடுப்பை அணைத்த பிறகும் சிலிண்டர் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார், எதுக்கு வம்பு. ரயிலில் முதல் பெட்டியும் கடைசிப் பெட்டியும் கூடாது. தெரு நாய்களுக்குத் தினமும் பிஸ்கட் போடுவார். அது ஜீவகாருண்யம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். லஞ்சம் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் நகரில் இருந்த நாய்களெல்லாம் அவர் பின்னாலேயே வரும், அவர் இன்னும் அதிகமாகப் பயப்படுவார். பிஸ்கட் பாக்கெட்டின் அளவு கூடிக்கொண்டே போனது.

அப்படிப்பட்டவர் வீட்டுப் பின்பக்கத்தில்தான் அந்தத் தாழி கிடைத்தது.

காம்பவுண்ட் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கடப்பாரை 'டொக்'கென்று எதிலோ பட்டது. மண்ணை விலக்கினால் ஆள் உட்காரலாம் என்கிற அளவுக்குப் பெரிய மண் பானை. ஒரு பக்கம் உடைந்து, உள்ளே மண்ணும் எலும்புத் துண்டுகளும். ஒரு சின்னக் கிண்ணம் மட்டும் முழுசாக இருந்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. வேலைக்கு வந்திருந்த பக்கத்து ஊர் அம்மாள் ஒருவர் கூடையைக் கீழே போட்டுவிட்டார்.

"சார், இது பாண்டவர் குழி சார். எங்க ஊரு ஆளுங்க இந்த மேட்டாண்ட ஆடு மாடுகூட ஓட்டினு வரமாட்டாங்க. உனுக்கு எவன் சார் இங்க மனை வித்தான்?"

அவர் அதற்குள் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மேடம், நீங்க காலேஜ்ல இருக்கீங்க. அங்க யாராவது படிச்சவங்க இருப்பாங்க இல்ல? வந்து இது என்னன்னு சொல்லச் சொல்லுங்க. என்ன பண்ணினா கோவம் வராதுன்னும் சொல்லச் சொல்லுங்க."

எங்கள் கல்லூரியில் சரித்திரப் பாடம் எடுத்த ஒரு அம்மாள் அந்தச் சனிக்கிழமை வந்தார். பெரிய தொப்பி, ஷூ. தாழியைப் பார்த்துவிட்டு நேராக மேட்டின் மேல் ஏறினார். நாங்களும் பின்னால் போனோம். அவர் காட்டிய பிறகுதான் எங்களுக்குக் கண்ணில் பட்டது. அத்தனை நாளும் சும்மா கிடக்கும் பாறைகள் என்று நினைத்தவை, வட்டமாகக் கிடந்தன. பாதி புதைந்த பெரிய பெரிய கற்கள். ஒரு வட்டம், சற்றுத் தள்ளி இன்னொன்று, புதருக்குள் இன்னொன்று. ஊர்க்காரர்கள் பாண்டவர் குழி என்கிறார்கள், உண்மையில் இரும்புக் காலத்து மனிதர்கள் தங்கள் வீட்டு இறந்தவர்களைப் புதைத்த இடம் இது என்றார். செத்தவர்களைத் தாழியில் வைத்து, கூடவே அவர்கள் புழங்கிய பாத்திரமும் கத்தியும் வைத்து, மேலே மண்ணும் கல்லும் போட்டுச் சுற்றிக் கல்வட்டம் அமைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

"அவங்களுக்கு நம்ம மேல கோவம் இருக்குமா மேடம்?" என்று கேட்டார் இவர்.

அந்த அம்மாள் சிரித்தார். "சார், அவங்க போய் ரொம்பக் காலம் ஆச்சு."

"எழுதித் தருவீங்களா?"

வேடிக்கைக்குக் கேட்கவில்லை. முகம் வெளிறியிருந்தது.

அந்த அம்மாள் எழுதியது தொல்லியல் துறைக்கு. அதிகாரிகள் வந்தார்கள், மேட்டை அளந்தார்கள், படம் எடுத்தார்கள். தாழியைப் பக்குவமாக எடுத்துப் போனார்கள். மேடு முழுக்க ஈமக்காடு, இதைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப் பரிந்துரை செய்கிறோம், அதுவரை யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். வேலியும் இல்லை, பலகையும் இல்லை.

இவர் ஒரு காரியம் செய்தார். காம்பவுண்ட் சுவரைத் தன் மனைக்குள்ளேயே நன்றாகத் தள்ளிக் கட்டினார். பட்டா நிலத்தை யாராவது வெளியே விடுவார்களா என்று நகர் முழுக்கச் சிரித்தது. அவர் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார், "என்னங்க, எப்பவோ செத்துப்போனவங்களுக்கு முருங்கைமரம் வைக்கிற இடத்தையும் குடுத்துட்டீங்களா?"

"அவங்க எல்லைக்குள்ள நாமதான் போயிட்டோம்மா. நாமதான் பின்னால வரணும். எதுக்கு வம்பு."

அதற்கப்புறம் மேட்டுக்கு அந்தப்பக்கம் புதிதாக ஒரு லேஅவுட் போட்டார்கள். அங்கிருந்து பிரதான சாலைக்கு வரவேண்டுமானால் ஏரியைச் சுற்றி வரவேண்டும், மேட்டை வெட்டிச் சாலை போட்டால் நேர்வழி. அந்தச் சாலை எங்கள் நகருக்கும் லாபம்தான். ஸ்கூல் வேன் சீக்கிரம் வரும், மழைக்காலத்தில் ஏரிக்கரைச் சேற்றில் வண்டி சிக்காது. நகர் குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். செயலாளர், "எல்லாருக்கும் நல்லதுதானே, ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க" என்றார். இவர் கையைத் தூக்கினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கை அப்படியே மேலேயே நின்றது.

"ஒண்ணும் இல்ல சார். ஃபேனைக் கொஞ்சம் குறைக்கலாமா?"

கூட்டம் முடிந்து திரும்பி வரும்போது தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்.

பொக்லைன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆபீஸ்கள் மூடியிருக்கும் நாளாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். மண் அள்ள லாரிகளும் வரிசையாக நின்றன. நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஒவ்வொரு வீட்டு ஜன்னலும் திறந்தது, யாரும் வெளியே வரவில்லை. நான் அந்தச் சரித்திர அம்மாளுக்குப் போன் போட்டேன். தாசில்தாருக்கே போன் போட்டுச் சொல்கிறேன், அதுவரை எப்படியாவது நிறுத்திவையுங்கள் என்றார். எப்படி நிறுத்துவது? நான் கீழே இறங்குவதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. லுங்கி, பனியன், தலையில் ஹெல்மெட். ஸ்கூட்டர் எடுக்காமல் நடந்தே மேட்டுக்குப் போனார்.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பொக்லைன் முன்னால் நின்றிருந்தார். அதன் கை முதல் கல்வட்டத்துக்கு மேலே தூக்கியபடி நின்றது. ஓட்டுகிறவன் சின்னப் பையன் மாதிரி முகம் கொண்ட ஒரு ஆள்.

"நவுரு சார். அடிபட்டா நா பொறுப்பு இல்ல."

"தம்பி, கீழ ஆளுங்க இருக்காங்கப்பா."

ஓட்டுநர் பதறி எட்டிப் பார்த்தான். "எந்த ஆளு? யாருமே காணோமே."

"உள்ள. மண்ணுக்குள்ள. ஒவ்வொரு கல்லுக்கும் கீழ. என் வீட்டுலயே ஒருத்தர் இருந்தார், எலும்ப என் கண்ணால பார்த்தேன். அன்னிலேருந்து பின்ரூம்ல நான் படுக்கறதில்ல தம்பி. நீ இத்தன பேரைக் கலைச்சுட்டு வீட்டுக்குப் போய் எப்பிடிச் சாப்பிடுவ? உனக்குப் பயமா இருக்காதா?"

மிரட்டலாகவே இல்லை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி கேட்டார். குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் அப்படியே மேலே ஏறி ஓட்டுநரைத் தொட்டதை நான் பார்த்தேன். அவன் கை லீவரிலிருந்து மெல்ல விலகியது. இன்ஜினை அணைத்தான்.

"இன்னா சார் இது, பேஜாரு... எங்கிட்ட ரோடுன்னுதான் சொன்னாங்கோ" என்று இறங்கி ஓரமாகப் போய் நின்றுகொண்டான்.

கான்ட்ராக்டர் பைக்கில் வந்து இறங்கினார். நல்ல ஆகிருதி. "யாருய்யா நீ? ஹெல்மெட்டு போட்டுக்கினு காமெடி பண்றியா?" என்று நேராக நெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றார். இவர் அப்படியே ஒரு கல்லில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறியல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆடு ஓட்டிக்கொண்டு ஏரிப்பக்கம் வந்த ஊர்ப் பெண்கள் சிலர் அதைப் பார்த்தார்கள். அன்றைக்குக் கூடையைப் போட்ட அம்மாள் அவர்களில் இருந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க பாட்டன் பூட்டன்லாம் இத்த தொடல. நீ யாரு வந்து தொடறதுக்கு?" என்று கான்ட்ராக்டரைப் பார்த்துக் கேட்டார். நானும் உட்கார்ந்தேன். அவர் மனைவி மாவுக் கையோடு வந்து உட்கார்ந்தார். பிறகு நகரிலிருந்து ஒன்றிரண்டு பேர். செயலாளர்கூட வந்து, உட்காராமல், ஆனால் பக்கத்தில் நின்றார்.

வெயில் ஏறின பிறகு வி.ஏ.ஓ. வந்தார். பின்னால் தாலுகா ஆபீஸ் ஜீப். வேலையை நிறுத்தச் சொன்னார்கள். லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கிப் போயின. கூட்டம் கைதட்டியது. யாரோ அவரைத் தலைவரே என்று கூப்பிட்டார்கள்.

எழுந்திருக்க நான் கைகொடுத்தேன். காதருகே சொன்னார்: "கால் நிக்கல மேடம். அதான் உக்காந்துட்டேன். வேற ஒண்ணும் இல்ல. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அதற்குப் பிறகு வந்த நாள்கள் அவருக்கு நல்ல நாள்களாக இருக்கவில்லை. போனில் பேசாமல் மூச்சு மட்டும் விட்டார்கள். ஸ்கூட்டர் கண்ணாடியை யாரோ உடைத்தார்கள். எதிர்ப்பக்கம் இரண்டு பேர் பைக்கை நிறுத்திக்கொண்டு அவர் வீட்டையே பார்த்தபடி நிற்பார்கள். நகரிலும் சிலர், "உங்களாலதான் சார் நாங்க சுத்திப் போறோம்" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டார். சேற்றில் சிக்கிய வண்டிகளைத் தள்ளிவிட்டார். இளைத்துப் போனார், பிரஷர் மாத்திரை ஆரம்பித்தார். இனி வீட்டை விற்றுவிட்டுப் போய்விடுவார் என்று நான் நினைத்தேன்.

ஆனால் ஆபீஸிலிருந்து வந்ததும் தினம் சாயங்காலம் மேட்டுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. மனைவியின் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவார். ஏதாவது என்றால் ஊதவேண்டும், ஊதினால் அந்த அம்மாள் ஹாக்கி மட்டையோடு வரவேண்டும் என்று ஏற்பாடு. ஒருநாள் விசில் கேட்டது. நாங்கள் இரண்டு பெண்களும் ஓடினோம். ஒரு கீரிப்பிள்ளை.

"இவ்வளவு பயம் இருக்கே, எதுக்கு சார் போறீங்க?" என்று கேட்டேன்.

"போகலேன்னா இன்னும் பயமா இருக்கு மேடம்."

கலெக்டர் ஆபீஸில் பல தடவை கூட்டம் நடந்தது. சரித்திர அம்மாள் விடாமல் அலைந்தார், ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்கள். கடைசியில் சாலை ஏரிக்கரை ஓரமாகவே போகட்டும், அதைத் தார் போட்டு உயர்த்தித் தருகிறோம் என்று முடிவானது. மேட்டைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். கம்பிவேலி வந்தது, நீலப் பலகை வந்தது. கல்லைச் சேதப்படுத்தினால் தண்டனை என்று அதில் எழுதியிருந்ததைப் பார்த்து இவர் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் துறையிலிருந்து ஒரு குழு வந்து ஒரே ஒரு வட்டத்தை மட்டும் திறந்து பார்த்தார்கள். அன்றைக்குப் பொக்லைன் ஏறி வந்ததில் ஓரம் சரிந்துபோன வட்டம் அது. அகழாய்வை நடத்திய பெண் எங்களையும் வந்து பார்க்கச் சொன்னாள். இவர் வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

"வாங்க சார். உங்களாலதானே இது இருக்கு."

நெடுநேரம் யோசித்துவிட்டு வந்தார். குழியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்தார். உள்ளே தாழியின் வாயை மூடி ஒரு பலகைக்கல். பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கிண்ணங்கள்.

"இந்த மூடுகல் இந்த மேட்டுக் கல் இல்ல சார். வேற இடத்துலேருந்து கொண்டு வந்திருக்காங்க. நாலு பேர் தூக்கினாலும் கஷ்டம். அப்ப வண்டி வாகனம் என்ன இருந்திருக்குமோ" என்றாள் அந்தப் பெண்.

"பயப்படலையா அவங்க?"

"யாரு சார்?"

"செத்தவங்களத் தொட்டுத் தூக்கி, உள்ள உக்கார வச்சு, பாத்திரமெல்லாம் அடுக்கி... அவங்களுக்குப் பயமா இருந்திருக்காதா?"

அந்தப் பெண் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். "இருந்திருக்கும் சார். இருந்தும் செஞ்சிருக்காங்க."

அவர் வெயிலில் அங்கேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும் வழியில், ஏரிக்கரையில், நான் கேட்காமலே சொன்னார்.

"எங்க அம்மா சாகும்போது எனக்கு எட்டாவது மேடம். மூத்த பிள்ளை நான்தான். பயந்துபோய் வைக்கோல்போருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். கூப்பிட்டுப் பார்த்தாங்க, வரல. சித்தப்பாதான் எல்லாம் செஞ்சார். எங்க பக்கம் புதைக்கிறதுதான் வழக்கம். அம்மா முகத்த நான் பாக்கவே இல்ல. புதைச்ச இடத்துக்கும் இன்னி வரைக்கும் போனதில்ல. ஊருக்கே போறதில்ல."



அன்றைக்குப் பொக்லைன் முன்னால் போய் நின்றாரே, அது ஏன் என்று அப்போதுதான் கேட்டேன்.

"யாரோ அவ்வளவு கஷ்டப்பட்டு அவங்க அம்மாவ அங்க வச்சுட்டுப் போயிருக்காங்க. நான் பண்ணாத வேலைய யாரோ ஒருத்தன் ஒழுங்காப் பண்ணியிருக்கான். அதப்போய் லாரில அள்ளிப் போடறதுன்னா... எனக்குத் தாங்கல மேடம்."

அந்த வாரக்கடைசியில் மனைவியோடு ஊருக்குப் போனார். செய்யாறு பக்கம். பஸ்ஸில் போகப் பயந்து, ரயிலில் சுற்றிப் போய், கடைசி தூரம் ஆட்டோ. திங்கட்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் பார்த்தேன். முகமெல்லாம் வெயிலில் கறுத்து, கையில் முள் கீறல்கள்.

"போயிட்டு வந்தீங்களா சார்?"

"போனேன் மேடம். இடமே தெரியல. கருவேலம் மூடிக் கெடக்கு. சித்தப்பாவும் இல்ல இப்போ. ஊர்ல ஒருத்தர் வந்து இங்கதான் எங்கியோன்னு குத்துமதிப்பாக் கையக் காட்டினார். என் வீட்டுக்காரி முள்ள வெட்டிக் குடுத்தா."

"பயமா இருந்துச்சா?"

"ரொம்ப. ஆத்துலேருந்து ஒரு கல்லப் புரட்டிக் கொண்டுபோய் வச்சேன். பெருசா ஒண்ணும் இல்ல, என்னால தூக்க முடிஞ்ச அளவுக்குத்தான். என்னிக்காவது யாராவது தோண்ட வந்தா, இங்க ஒருத்தங்க இருக்காங்கன்னு தெரியணும் இல்ல மேடம்? சுத்தி வைக்க இன்னும் கல்லு வேணும். பொங்கலுக்கு மறுபடி போறோம்."